கேட்டுப் பாட்டை யாரும் மாற்றலாம்

என் குரல் நன்றாக இருக்கிறது என்று சொன்னவர்கள் யாரும் அதோடு நிறுத்தியதில்லை. "அப்படியே அந்தம்மா மாதிரியே இருக்குது" என்று ஒரு வாலையும் சேர்த்துவிடுவார்கள். குரல் மேலே போனால் சினிமாவில் பாடுகிற ஓர் அம்மா மாதிரி, கீழே இறங்கினால் இன்னோர் அம்மா மாதிரி, ஜலதோஷம் பிடித்திருந்தால் மூன்றாவதாக ஓர் அம்மா மாதிரி. ஆம்பூரைச் சுற்றி எந்தக் கல்யாண மண்டபத்தில் மேடை போட்டாலும் எங்கள் மெல்லிசைக் குழு இருக்கும், நானும் இருப்பேன், என் குரல் மட்டும் இருக்காது. பகலெல்லாம் ஷூ கம்பெனியில் செக்கிங் டேபிள், சாயங்காலமானால் யாரோ ஓர் அம்மா. என் இருபதுகள் இப்படியே கரைந்துகொண்டிருந்தன.

ஒரே ஓர் ஆளாவது என் குரலைக் கேட்டுவிட்டு, அது வேறு யாருடையதும் இல்லை, இவளுடையது என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான் எனக்கு வேண்டியிருந்தது. வீடு வாசல் கேட்டேனா, நகை நட்டு கேட்டேனா? ஆனால் அந்த ஒன்றுக்கு நான் பட்ட பாடு இருக்கிறதே, சொன்னால் சிரிப்பீர்கள். சிரியுங்கள், நானே இப்போது சிரிக்கிறேன். அப்போது வயிறு எரிந்தது.

எங்கள் குழுவில் கீபோர்டு வாசித்தவர் ஒரு பள்ளிக்கூடத்தில் சயின்ஸ் வாத்தியார். ஞாயிற்றுக்கிழமை எங்கள் சபை ஆராதனையிலும் அவர்தான் வாசிப்பார். எனக்கு அவர் சார், அவருக்கு நான் சிஸ்டர். ரிதம் பேடு தட்டியவர் தோல் மண்டியில் வேலை பார்த்த பாய். என்னைவிட வயதில் சின்னவர், அதனால் அக்கா என்பார். அடுத்தவர் பாட்டையே எத்தனை நாள் பாடுவது, நாமே ஒன்று போடலாம் என்று முதலில் சொன்னது நான்தான். சார் மெட்டுப் போட்டார். வார்த்தை நான் எழுதினேன்.

எழுத எனக்கு யோசனையே தேவைப்படவில்லை. தினமும் காலையில் நான் படுகிற அவஸ்தையை எழுதினேன். எங்கள் வீடு தண்டவாளத்துக்கு இந்தப் பக்கம், கம்பெனி பஸ் வந்து நிற்பது அந்தப் பக்கம். நடுவில் ரயில்வே கேட். நாம் ஓடி வருவது தெரிந்துதான் கூட்ஸ் வண்டியையே அனுப்புவார்களோ என்று தோன்றும். கேட்டுக்கு இந்தப் பக்கம் நின்று டிரைவரைப் பார்த்துக் கத்த வேண்டியதுதான். பாட்டு இப்படி ஆரம்பிக்கும்:

கேட்டு போட்டாச்சு, கூட்ஸு வருது,
பஸ்ஸு நிக்குது அந்தாண்ட,
நில்லுங்களேன், நில்லுங்களேன்...

மூன்று முறை வரும் அந்த நில்லுங்களேன். ஒவ்வொரு முறையும் ஒரு படி மேலே ஏறும்.

வேலூரில் ஒரு மாடியில் ஸ்டூடியோ என்ற பெயரில் ஓர் அறை இருந்தது. சுவர் முழுக்க முட்டை அட்டையை ஒட்டி வைத்திருந்தார்கள். அங்கேதான் பதிவு செய்தோம். மூன்றாவது நில்லுங்களேனில் என் குரல் பட்டென்று இரண்டாக உடைந்தது. இன்னொரு முறை பாடுகிறேன் என்று வாயைத் திறந்தேன், கரண்ட் போய்விட்டது. போன கரண்ட் எங்களுக்காக வரவில்லை. "விடுங்க சிஸ்டர், நேச்சுரலா இருக்குது" என்றார் சார். பஸ்ஸில் திரும்பி வரும்போது அதை வாக்மேனில் போட்டுக் கேட்டேன். உடைந்த அந்த இடத்தை மட்டும் திருப்பித் திருப்பிக் கேட்டேன். எந்த அம்மாவும் அப்படிப் பாடியிருக்க மாட்டார். எந்த அம்மா கம்பெனி பஸ்ஸை விட்டிருக்கிறார்? அது என்னுடையது. எனக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

அந்தச் சந்தோஷம் சார் பிரவுசிங் சென்டருக்குப் போகும்வரைதான் இருந்தது.

சார் ஒரு தகவலோடு வந்தார். வெளிநாட்டில் பாட்டுக்காரர்கள் தங்கள் பாட்டை ரசிகர்கள் கையிலேயே கொடுத்துவிடுகிறார்களாம். வெட்டு, ஒட்டு, உன் இஷ்டப்படி ரீமிக்ஸ் பண்ணு, நாலு பேருக்குக் கொடு என்கிறார்களாம். பாட்டு தானாகவே உலகம் சுற்றுகிறதாம்.

"உலகம் சுத்துறது இருக்கட்டும் சார். என் பாட்டை எதுக்கு எவன் கையிலயோ குடுக்கணும்?" என்றேன்.

"உங்க பாட்டா? நம்ம பாட்டு சிஸ்டர். நாளைக்கு ஊர் பாட்டு."

பாய்க்கும் ஆசை வந்துவிட்டது. "குடுத்துப் பாக்கலாம்க்கா. நம்ம தோஸ்துங்களே பத்துப் பேரு பண்ணுவாங்க."

சரி, என் குரலை மட்டும் யாரும் தொடக்கூடாது, அதைக் கேசட் அட்டையிலேயே போட்டுவிடுங்கள் என்றேன். சார் தலையாட்டினார். அட்டை அச்சாகி வந்தது. 'இந்தப் பாட்டை யாரும் காப்பி எடுக்கலாம், ரீமிக்ஸ் செய்யலாம், பிறருக்குக் கொடுக்கலாம், செய்ததை எங்களுக்கு அனுப்புங்கள்' என்று இருந்தது. குரலைப் பற்றி மூச்சே இல்லை.

"எடம் இல்ல சிஸ்டர்" என்றார். அவர் பெயரையும், அதன் பின்னால் அவர் வாங்கிய பட்டங்களையும் போட இடம் இருந்திருக்கிறது.

ஏ பக்கத்தில் முழுப் பாட்டு. பி பக்கத்தில் முதலில் என் குரல் தனியாக, பிறகு வாத்தியம் தனியாக. மாற்றுகிறவர்களுக்கு வசதியாக இருக்கட்டுமாம். ரயில்வே ஸ்டேஷன் பக்கம் ஒரு ரெக்கார்டிங் கடை இருந்தது. கடைக்காரரிடம் மாஸ்டர் கேசட்டைக் கொடுத்து, யார் வந்து கேட்டாலும் பதிந்து கொடுங்கள் என்று சொன்னோம். அவர் கேசட்டை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஏன், எதுனா டேமேஜா?" என்றார்.

அவர்மேல் தப்பில்லை. எங்கள் ஊரில் 'ரீ' என்று ஒரு சொல் ஆரம்பித்தால் ஆள் உஷாராகிவிடுவான். ரீசெக், ரீபேக், ரீவொர்க். தையல் பிரிந்த ஷூ, பசை வழிந்த ஷூ, கோடு கோணிய ஷூ எல்லாம் ரீவொர்க் டேபிளுக்குத்தான் போகும். அங்கே நாலு பேர் உட்கார்ந்து பிரித்து, தேய்த்து, ஒட்டிச் சரிசெய்து அனுப்புவார்கள். அப்படிப்பட்ட ஊரில் போய், பாட்டை ஓசியில் தருகிறோம், ரீமிக்ஸ் செய்து திருப்பி அனுப்புங்கள் என்று அச்சடித்துக் கொடுத்தால் என்ன நினைப்பார்கள்? பாவம், இவர்கள் பாட்டில் என்னவோ கோளாறு, நம்மிடம் உதவி கேட்கிறார்கள் என்று நினைத்தார்கள். ஊரே சட்டைக் கையை மடித்துக்கொண்டு உதவிக்கு வந்தது.

முதலில் வந்தவர் எங்கள் லைன் சூப்பர்வைசர். செக்கிங் டேபிளுக்கு எதிரே வந்து நின்றார்.

"பாட்டு கேட்டேம்மா. மொத்தத்துல ஓகே. மைனர் பழுது நாலஞ்சு இருக்குது, அதை விட்டுடலாம். மேஜர் ஒண்ணு இருக்குது."

"இன்னா சார் மேஜர்?"

"அந்த மூணாவது நில்லுங்களேன். அங்க கிராக் இருக்குது."

"அது கிராக் இல்ல சார். உணர்ச்சி."

"ஆர்டர் குடுத்த பையர் வந்து கேட்டா உணர்ச்சின்னு சொல்லுவியா? கிராக்னா கிராக்தான். வேணும்னே வெச்சதுன்னா சேம்பிள்லயே அப்ரூவல் வாங்கி இருக்கணும்."

கேசட்டை டேபிளில் வைத்துவிட்டுப் போய்விட்டார். ஷூவில் எங்கே பழுது என்று காட்ட நாங்கள் ஒட்டுவோமே, சிவப்பு அம்பு ஸ்டிக்கர், அதில் ஒன்றை அட்டையில் இருந்த பாட்டு வரியில் மூன்றாவது 'நில்லுங்களேன்' என்ற வார்த்தைக்கு நேராக ஒட்டியிருந்தார். மனுஷன் ரொம்ப நேர்த்தி, அம்பின் முனை எழுத்தைத் தொடவில்லை.

அவரோடு முடிந்ததா? கட்டிங்கிலிருந்து ஒரு கேசட், பேக்கிங்கிலிருந்து ஒரு கேசட், பக்கத்துக் கம்பெனியிலிருந்துகூட வந்தது. எல்லாவற்றிலும் சிவப்பு அம்பு, எல்லாம் அதே இடத்தில். உலகத்திலேயே என்னுடையது என்று நான் கண்டுபிடித்த ஒரே இடம் அது. அதைத்தான் ஊர் கூடி அம்பு விட்டது. பேஜாராகிவிட்டது எனக்கு. சார் மட்டும் பூரித்துப்போய் அலமாரியில் அடுக்கி வைத்தார். "ரெஸ்பான்ஸ் பாருங்க சிஸ்டர்!"

பழுது பார்ப்பதோடு நின்றிருந்தால்கூடப் பொறுத்திருப்பேன். கம்ப்யூட்டர் கிளாசில் படித்துவிட்டு வந்தவர்கள், வீட்டில் கீபோர்டு வைத்திருந்தவர்கள், இரண்டு டெக் உள்ள டேப் வைத்திருந்தவர்கள் எல்லோரும் களத்தில் இறங்கினார்கள். இறங்கியவர்கள் முதல் வேலையாகச் செய்தது என்ன தெரியுமா? என் குரலை எடுத்துக் கடாசியதுதான். பி பக்கத்தில் வாத்தியம் தனியாக இருக்கிறதே, அதன்மேல் தங்கள் வீட்டுக் குரலை ஏற்றிவிட்டார்கள்.

முதலில் எங்கள் சபை வாலிபர் கூட்டத்திலிருந்தே ஒன்று வந்தது. 'பரலோகக் கேட்டு திறந்தாச்சு'. ஞாயிறு பள்ளிச் சின்னப் பெண் ஒன்று பாடியிருந்தது, நன்றாகத்தான் பாடியிருந்தது, கர்த்தருக்குப் பயந்து நான் அதை விட்டுவிட்டேன். பிறகு உள்ளாட்சித் தேர்தல் வந்தது. 'ஓட்டு போட்டாச்சு, ஜெயிச்சு வருது' என்று ஆட்டோவில் கட்டிக்கொண்டு தெருத்தெருவாகச் சுற்றினார்கள். எதிர்க்கட்சியும் அதே வாத்தியத்தில் அதையே பாடியது. இரண்டு ஆட்டோவும் பஜாரில் எதிரெதிரே வந்து நின்றபோது எந்தக் கட்சிக்கு எது என்று ஆட்டோக்காரர்களுக்கே தெரியவில்லை. பிரியாணிக் கடைக்காரர் ஒருவர் 'தட்டு போட்டாச்சு, பீஸு வருது' என்று தானே பாடி, நாளெல்லாம் கடை வாசலில் ஓடவிட்டார். ஒரு கம்பெனியில் தகராறாகிக் கதவடைப்பு செய்தபோது, வெளியே உட்கார்ந்திருந்தவர்கள் 'பூட்டு போட்டாச்சு' என்று பாடினார்கள். சோளிங்கர் மலைக்கு நடந்து போகிற கோஷ்டி ஒன்று, 'நாமம் போட்டாச்சு, படியேறி வர்றோம்' என்று பக்தியாகப் பாடிக்கொண்டு போனது.

நாமம் யாருக்குப் போட்டாச்சு என்று எனக்கல்லவா தெரியும்!

"அக்கா, இது ரீமிக்ஸே இல்லக்கா" என்றார் பாய் ஒருநாள். "தோல்ல ரீடேனிங் பண்ணுவாங்களே, அது. ஊறப்போட்டு, சாயம் ஏத்தி எடுத்தா, ஆடா மாடான்னு அதுக்கே தெரியாது."

"உனக்கு இன்னா, உன் தாளம் எல்லாத்துலயும் இருக்குது" என்று எரிந்து விழுந்தேன். உண்மையும் அதுதான். சாருடைய கீபோர்டு பத்திரமாக இருந்தது, பாயின் தாளம் பத்திரமாக இருந்தது. மூன்று பேர் ஏறிய வண்டியில் என்னை மட்டும் இறக்கிவிட்டு வண்டி ஜாலியாகப் போய்க்கொண்டிருந்தது. இதில் கொடுமை, தடுக்கவும் முடியாது. யாரும் மாற்றலாம் என்று நாங்களே அச்சடித்துக் கொடுத்திருக்கிறோம். சண்டைக்குப் போனால் அட்டையை எடுத்துக் காட்டுவார்கள்.

அப்புறம் வந்தது நாட்றம்பள்ளிக் கல்யாணம். ரிசப்ஷனில் எங்கள் கச்சேரி. நாலைந்து பாட்டு ஆனதும் மாப்பிள்ளையின் மாமா மேடைக்கு முன்னால் வந்தார்.

"யம்மா, அந்தப் பாட்டு பாடும்மா. ஊரெல்லாம் ஓடுதே, அது."

முதல் முறையாக ஒரு மேடையில் என் பாட்டை ஒருவர் கேட்கிறார்! சாரைப் பார்த்தேன், சார் கட்டை விரலைக் காட்டினார். உயிரைக் கொடுத்துப் பாடினேன். 'கேட்டு போட்டாச்சு' என்று எடுத்ததுமே முன்வரிசையில் சிரிப்பு கிளம்பியது.

"தட்டும்மா, தட்டு!" என்று எடுத்துக் கொடுத்தார் மாமா. "தட்டு போட்டாச்சு!"

நான் நிறுத்தவில்லை. பின்னால் ஓர் அம்மா பக்கத்து நாற்காலிக்காரியிடம், "நல்ல பாட்டை எப்படி மாத்தி வெச்சிருக்காங்க பாரு" என்று சொன்னது மேடை வரைக்கும் கேட்டது. மூன்றாவது நில்லுங்களேன் வந்தது. உடைந்தது. உடைய வேண்டும் என்று நான் நினைத்த இடத்தில், நினைத்தபடியே, அழகாக உடைந்தது. "ஐயோ, தொண்டை கட்டிக்கிச்சுடா, சுடுதண்ணி கொண்டாங்கடா" என்றார் மாமா. நல்ல மனுஷன். பாட்டு முடிவதற்குள் ஒரு டம்ளர் சுடுதண்ணீர் ஆவி பறக்க மேடைக்கு வந்துவிட்டது. எல்லோரும் பார்க்க அதை வாங்கிக் குடித்தேன். நாக்கு வெந்தது.

அன்றைக்கு அழுதேன். வேனில் உட்கார்ந்து, ஸ்பீக்கர் பெட்டிமேல் சாய்ந்து, மூக்கைச் சிந்திச் சிந்தி அழுதேன். பாய் தண்ணீர் பாட்டிலை நீட்டினார். வாங்கவில்லை, தண்ணீரைப் பார்த்தாலே எரிந்தது. பிறகு நானே சாரிடம் சொன்னேன்: "சரி செஞ்சுடலாம் சார். கிராக் இல்லாம நேரா பாடித் தர்றேன். பழசை அழிச்சுடுங்க."

"நான் எப்பவோ ஸ்டூடியோல சொல்லி வெச்சுட்டேன் சிஸ்டர்" என்றார்.

அதே முட்டை அட்டை அறை. மூன்றாவது நில்லுங்களேனை இஸ்திரி போட்டது மாதிரி பாடினேன். கரண்ட் போகவில்லை, போகவேண்டிய நாளில் போகாது அது. ரெக்கார்டிங் செய்தவர் ஹெட்ஃபோனைக் கழற்றிவிட்டு, "சூப்பர் மேடம். அப்படியே அந்தம்மா மாதிரியே இருக்குது" என்றார்.

புது மாஸ்டர் கேசட்டைக் கைப்பையில் போட்டுக்கொண்டு, மறுநாள் ஷிப்ட் முடிந்ததும் ரெக்கார்டிங் கடைக்குப் போனேன். பழையதை என் கண் முன்னால் அழித்துவிட்டு, இனிமேல் இதிலிருந்தே பதியச் சொல்ல வேண்டும். கடையில் கூட்டம் இல்லை. கடைக்காரர் ஏதோ டேப்பைத் திறந்து, ஹெட்டைப் பஞ்சால் துடைத்துக்கொண்டிருந்தார். "வாங்கக்கா, ஒரு நிமிஷம்" என்றார். நின்றேன்.

அதற்குள் ஒரு பெண் உள்ளே வந்தாள். தோளில் டிபன் பை, கழுத்தில் கழற்ற மறந்த கம்பெனி அடையாள அட்டை, விரல் நகத்தில் பசை. ஏதோ கம்பெனியில் தையல் லைன் போலிருக்கிறது.

"அண்ணா, கேட்டுப் பாட்டு இருக்குதா?"

"இருக்குதும்மா. எது வேணும்? ஓட்டு, தட்டு, பூட்டு, நாமம், பரலோகம், எல்லாம் இருக்குது."

"அதெல்லாம் வேணாம்ணா. ரிஜெக்ட் பீஸ் குடு."

கிராக் விழுந்த என் பாட்டைத்தான் சொல்கிறாள், எனக்குச் சுருக்கென்றது. கடைக்காரர் திடுக்கிடவே இல்லை, தினமும் கேட்கிற சாமானைப் போல, "அது ஜாஸ்தி போவுது, பதிஞ்சுதான் தரணும்" என்றார். அப்புறம்தான் எனக்கு உறைத்தது. எங்கள் ஊரில் ரிஜெக்ட் என்பது வசவே இல்லையே. வெளிநாட்டுக்காரன் ஒரு தையல் கோணல் என்று தள்ளிய ஷூவைத்தான் ஊரே தேடி வாங்குகிறது. பெங்களூர் போகிற காரெல்லாம் ஹைவேயில் நிறுத்தி, "எக்ஸ்போர்ட் ரிஜெக்ட் இருக்கா?" என்றுதான் கேட்கிறது. அசல் என்பதற்கு எங்கள் ஊரில் அதுதான் பெயர். பகல் முழுக்க அந்தப் பழுதையே பார்க்கிற எனக்கு இது தோன்றவில்லை பாருங்கள்!

"பாடினவங்களே இதோ நிக்குறாங்க" என்று கடைக்காரர் பஞ்சாலேயே என்னைக் காட்டினார்.

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "நீங்களாக்கா அது? குரலைக் கேட்டா குண்டா இருப்பீங்கன்னு நெனச்சேன்."

"தினம் ஓடுறேனே, எங்க இருந்து குண்டாவறது" என்றேன்.

"நானும் அந்த கேட்டுதாங்க்கா. எனக்கும் கத்தும்போது அந்த எடத்துல அப்படித்தான் உடைஞ்சுடுது. அதான் அந்தப் பாட்டு. மத்ததுல எல்லாம் நல்லாத்தான் பாடுறாங்க." கொஞ்சம் யோசித்தாள். "ஆனா பஸ்ஸைப் புடிச்சு சீட்டுல உக்காந்துட்டவங்க மாதிரி பாடுறாங்க. உங்க ஒருத்தங்களுதுதான் பஸ்ஸை விட்டவங்க குரலு."

கைப்பைக்குள் என் விரல் அந்தப் புதுக் கேசட்மேல் இருந்தது. கடைக்காரர் ஹெட்டைத் துடைத்து முடித்து, டேப்பை மூடினார். அவளுக்கு ஒரு காலிக் கேசட்டைப் பிரித்துப் போட்டார். பழைய மாஸ்டரை எடுத்து எதிர்ப் பக்கம் போட்டார். அப்புறம் என் பக்கம் திரும்பினார்.

"சொல்லுங்கக்கா, உங்களுக்கு இன்னா வேணும்?"

"எனக்கும் ஒரு ரிஜெக்ட் குடுங்க" என்றேன்.